ஆறு ஜன்னல், ஆறு மோட்டார்

கமர் நிஷாவுக்கு இரும்பைக் கண்டாலே ஆகாது. காரைக்கால்மேட்டில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஐஸ் கம்பெனி வைத்து நடத்துகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும். புதிதாகப் போட்ட கேட்டு ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் செதில் செதிலாக உரியும். பூட்டுக்குள் சாவி நுழையாது. சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாலும், உப்புக்காற்று எங்கேயாவது ஒரு மூலையைக் கண்டுபிடித்துத் தின்னத் தொடங்கிவிடும்.

கம்பெனியைக் கட்டியவன் அவள் கணவன் மன்சூர் அலி. கட்டி முடித்த கையோடு குவைத்துக்குத் திரும்பிவிட்டான். கொஞ்ச நாள் பார்த்துக்கொள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவனுக்கு அங்கே வேலை நீண்டுகொண்டே போனது. ஆள் வைத்து வீட்டிலிருந்தபடியே நடத்தலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அது சரிப்படவில்லை. படகுக்காரர்கள் ஐஸுக்கு வந்து நிற்கும் நேரத்தில் மெஷின் நின்றுபோனால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவளே வந்து உட்கார்ந்தாள். எண்பத்து நாலாம் வருஷம் பிறப்பதற்குள், கம்ப்ரசர் சத்தத்தில் சின்ன மாற்றம் இருந்தால்கூட ஆபீஸ் அறையிலிருந்தே தலையைத் தூக்கிக் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் மரியசூசை. கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். வயதில் அவளுக்கு மூத்தவர் என்பதால் அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். அவர் அம்மா என்பார். அதிகம் பேசாத மனிதர். குழாய்களின் மேல் கையை வைத்துப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

தண்ணீரை ஐஸாக்குவது குழாய்க்குள் ஓடுகிற அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அதைப்போல வேலைக்காரன் கிடையாது. வெளியே வந்துவிட்டால், கண், மூக்கு, தொண்டை என்று ஈரமுள்ள இடமாகப் பார்த்து எரிக்கும். காற்றைவிட லேசானது என்பதால் கூரையைப் பார்த்து ஏறும். அதற்காகத்தான் மெஷின் ரூமில் உத்தரத்தையொட்டி ஆறு கண்ணாடி ஜன்னல்கள் வைத்திருந்தார்கள். கயிற்றை இழுத்தால் வெளிப்பக்கமாகத் திறக்கும். திறக்க வேண்டும். அந்தச் சித்திரையில் ஒரு குழாய் மூட்டில் கொஞ்சம் கசிந்தபோது மரியசூசை கயிற்றை இழுத்தார். கீல் துருவேறி ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. ஏணி போட்டு ஏறி, கட்டையால் தட்டித் திறந்துவிட்டு இறங்கியபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது.

"இனிமே யாரும் ஏணியில ஏற வேணாம் அண்ணே. வெளியில ஒரு சுவிட்சைப் போட்டா ஜன்னல் தொறக்கணும். அதுக்கு என்ன உண்டோ அதைச் செஞ்சிடுவோம்" என்றாள் கமர் நிஷா.

எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் பிலோமின்ராஜைக் கூப்பிட்டனுப்பினாள். முப்பது வயதுக்காரன், பாலிடெக்னிக் படித்தவன். எடுத்த வேலையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்காமல் தொடமாட்டான். கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்களின் கூரை ஜன்னலைத் திறக்க மோட்டார் செய்கிற ஒரு பட்டறை இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய், இரண்டு மாதிரி வாங்கி வந்து ஆபீஸ் மேசைமேல் வைத்தான்.

ஒன்று, பல் வெட்டிய இரும்புச் சட்டம். மோட்டாரின் பல்சக்கரம் சுற்றச் சுற்ற, சட்டம் முன்னால் நகர்ந்து ஜன்னலைத் தள்ளும். கறுப்பாக, கனமாக, கிரீஸ் வழிய இருந்தது. இன்னொன்று திருகு மாதிரி. துருப்பிடிக்காத ஸ்டீலில் மரை வெட்டிய தண்டு. அதன்மேல் ஒரு பித்தளை நட்டு. தண்டு சுற்றினால் நட்டு மேலும் கீழும் போகும். நட்டோடு சேர்ந்து ஜன்னலும் போகும்.

"ரெண்டுக்கும் தள்ளுற பலம் போதும்க்கா. அளந்து பாத்துட்டேன். கடல் காத்து எதுத்து அடிச்சாலும் தொறக்கும்" என்றான் பிலோமின்ராஜ்.

"கரண்ட் போயிட்டா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். கேஸ் கசிஞ்சா மொதல்ல மெயினைத்தான் அணைக்கணும். அப்ப மெயின் கரண்ட்ல ஓடுற மோட்டாரு எதுக்கு ஆவும்? லாரி பேட்டரி ரெண்டை வெளியில வச்சிடுவோம். மோட்டாரும் பேட்டரியில ஓடுறதுதான் கேட்டிருக்கேன். ஊரே இருட்டானாலும் இது ஓடும்."

அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். ஜன்னல் எவ்வளவு தூரம் திறக்க வேண்டும், முழுசாகத் திறந்ததும் மோட்டார் தானாக நிற்குமா, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குமா என்று அவளும் குடைந்து குடைந்து கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கடைசியில் இரும்புச் சட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்து, கிரீஸைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டாள்.

"இது வேணாம் தம்பி. இந்த ஊர்ல இரும்பு நிக்காது. மேல ஏறி மாசாமாசம் யாரு கிரீஸ் தடவுறது? பித்தளையே இருக்கட்டும்."

"பட்டறைக்காரரும் அதைத்தான் சொன்னாருக்கா. கடலோரம்னா கண்ணை மூடிக்கிட்டுப் பித்தளை போடுங்கன்னாரு."

வாசலில் நின்றிருந்த மரியசூசை உள்ளே வந்து அந்த நட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கமாட்டம் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

ஆடிக்குள் ஆறு மோட்டாரும் ஏறிவிட்டன. மெஷின் ரூம் கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு சிவப்பு சுவிட்ச். தட்டினால் ஆறும் ஒரே குரலில் ரீங்கரிக்கும். கண்ணாடிகள் மெள்ள வெளியே சாய்ந்து, அறைக்குள் குபுகுபுவென்று காற்று நுழையும். படகுக்காரர்கள்கூட ஐஸ் ஏற்றுவதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். கசிந்தால் என்ன செய்வது என்பதையும் மூவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். முதலில் எல்லோரும் வெளியே. அடுத்து மெயின். அடுத்து சுவிட்ச். ஜன்னல் திறந்து கேஸ் மேலே போகத் தொடங்கியதும், மரியசூசை ஈரத்துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு போய் வால்வை மூடிவிட்டு வந்துவிட வேண்டும். ஒத்திகைகூடப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்ததால் ஜன்னல்களை இறுக்க மூடி வைத்தார்கள். வாரக்கணக்கில் அவை அப்படியே கிடந்தன.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை. பல நாள் கரையில் கிடந்த படகுகள் கடலுக்கு இறங்க அவசரப்பட்டன. பட்டினச்சேரியிலிருந்துகூட வண்டி வந்திருந்தது. கமர் நிஷா வாசலில் நின்று ஆளுக்கு ஆள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து சீறல். மூக்கைப் பிளக்கும் நாற்றம் வாசல்வரை வந்தது. ஐஸ் உடைக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசி ஆளாக மரியசூசை வந்தார்.

"பெரிய மூட்டு விட்டுடுச்சும்மா. வால்வை மூடலேன்னா அத்தனை கேஸும் வெளிய வந்துடும். பக்கத்துல குடிசைங்க இருக்கு."

வெளிச்சுவரில் இருந்த மெயினை அவரே அணைத்தார். துண்டை வாளியில் முக்கி முகத்தைச் சுற்றிக் கட்டினார். கண்கள் மட்டும் தெரிந்தன. அவளைப் பார்த்தார்.

அவள் சுவிட்சைத் தட்டினாள். ஆறு மோட்டாரும் ரீங்கரித்தன. ஒத்திகையில் கேட்ட அதே சத்தம்.

"ஓடுது அண்ணே, போங்க!" என்று கத்தினாள்.

அவர் உள்ளே போனார்.

ஜன்னல் வழியே வெளுப்பாகப் புகை வருகிறதா என்று பார்ப்பதற்காக அவள் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்தாள். புகை இல்லை. கண்ணாடிகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. கோடியில் இருந்த ஒரே ஒரு ஜன்னல் மட்டும் கை நுழைகிற அளவுக்குச் சாய்ந்திருந்தது. மற்ற ஐந்தும் மூடியிருந்தன. மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளுக்குப் புரியவில்லை. கண் பார்ப்பதைக் காது மறுத்தது. காது கேட்பதைக் கண் மறுத்தது. இன்னும் திறக்கவில்லை, இதோ திறக்கப் போகிறது என்று ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் உறைத்தது. தான் போகச் சொன்ன மனிதர் உள்ளே இருக்கிறார்.

"அண்ணே! வந்துடுங்க! தொறக்கல, ஜன்னல் தொறக்கல!"

சீறலுக்கு மேலே அவள் குரல் ஏறவில்லை. கதவுவரை ஓடினாள். நாற்றம் முகத்தில் அறைந்து தள்ளியது. கண்ணைத் திறக்க முடியாமல் பின்வாங்கி, படகுக்காரர்கள் நின்ற பக்கம் திரும்பி, "கண்ணாடியை ஒடைங்க! ஏதாவது எடுத்து ஒடைங்க! ஆளு உள்ள இருக்கு!" என்று அலறினாள். முக்காடு எப்போதோ நழுவியிருந்தது.

கருப்பையன் என்ற படகுக்காரன்தான் முதலில் அசைந்தான். படகு தள்ளுகிற நீளக் கழியை வண்டியிலிருந்து உருவி, ஓடி வந்து ஒரே குத்து. கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அடுத்தது, அதற்கடுத்தது. இன்னும் இரண்டு பேர் கழியோடு சேர்ந்துகொண்டார்கள். உடைந்த ஓட்டைகள் வழியே வெள்ளைப் புகை பீறிட்டு வானத்துக்கு ஏறியது. கருப்பையன் தலைப்பாகையை நனைத்து வாயில் கட்டிக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து உள்ளே போனான். சீறல் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். மரியசூசை வால்வை மூடிவிட்டார். மூடிவிட்டு, அதன் அடியிலேயே விழுந்து கிடந்தார். கருப்பையன் அவர் காலைப் பிடித்து இழுத்து வந்தான்.

குழாய்த் தண்ணீரை அவர் முகத்தில் நிறுத்தாமல் விட்டார்கள். கமர் நிஷா மண்ணில் மண்டியிட்டு அவர் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர அவள் வாயில் எதுவும் வரவில்லை. மோட்டாரின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ போய் சுவிட்சை அணைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மரியசூசையின் மனைவி சலோமி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பிழைத்துவிடுவார், ஒரு கண்ணைப் பற்றித்தான் உறுதி சொல்ல முடியாது, தொண்டையும் புண்ணாகியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கமர் நிஷா பக்கத்தில் போனதும் சலோமி கேட்டாள்:

"அன்னைக்கு வந்து அவ்வளவு பெருமையா சொன்னாரும்மா. சுவிட்சைப் போட்டா ஜன்னலு தானா தொறக்குதுன்னு. தொறக்கலியா?"

"மோட்டார் ஓடுச்சு சலோமி. என் காதால கேட்டேன்."

"மோட்டாரு ஓடுனா ஜன்னலு தொறக்கணுமில்ல?"

வீட்டுக்குப் போய்க் கமர் நிஷா தொழுகையில் நின்றபோதும் ஓதுவது மறந்து மறந்து போயிற்று. அந்த ரீங்காரம்தான் காதில் நின்றது. மன்சூர் அலி டிரங்க் காலில் கூப்பிட்டபோது, "நல்ல சாமான்தானே வாங்கினே?" என்று கேட்டான். "நல்ல சாமான்தாங்க" என்றாள். அது பொய் இல்லை என்பதுதான் அவளைப் போட்டு உலுக்கியது.

மறுநாள் பிலோமின்ராஜ் ஏணி போட்டு ஏறினான். பேட்டரி சரியாக இருந்தது. வயர் சரியாக இருந்தது. தண்டில் ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒரு மோட்டாரை முழுசாகக் கழற்றிக் கீழே கொண்டு வந்து, மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தான். பித்தளை நட்டு புதிதாக வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அதைப் பிடித்துத் திருகப்போனான். நட்டு அவன் விரலுக்குள் இரண்டாகப் பிளந்து வந்தது.

அவன் ஒரு பாதியை எடுத்து அழுத்தினான். பொறை பிஸ்கட்டைப்போல அது இன்னும் உடைந்தது. உடைந்த இடத்தில் உள்ளுக்குள் முடி முடியாகக் கீறல்கள். விளிம்பில் லேசான நீலம் பூத்திருந்தது.

"என்ன தம்பி இது?"

"தெரியலக்கா." அவன் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "பித்தளை இப்படி ஒடைஞ்சு நான் பாத்ததே இல்ல."

அடுத்த மோட்டாரைத் திறந்தான். அதுவும் அப்படியே. ஐந்திலும் அப்படியே. ஆறாவதில் கீறல் பாதிவரை ஓடியிருந்தது. தண்டு சுற்றியிருக்கிறது, பிளந்த நட்டு தண்டைப் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

மரியசூசைக்குப் பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த அன்று, இருவரும் அந்தத் துண்டுகளைக் கைக்குட்டையில் கட்டி எடுத்துப் போனார்கள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண் சிவந்திருந்தது. உடைந்த துண்டை உள்ளங்கையில் வாங்கி அந்த ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். நீலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அம்மா." குரல் எழும்பவில்லை, காற்றுத்தான் வந்தது. "நம்ம மெஷின்ல, கேஸ் ஓடுற எடத்துல, எங்கயாவது பித்தளை பாத்திருக்கீங்களா?"

அவள் மெஷின் முழுவதையும் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாள். பார்த்ததில்லை. ஒரு வால்வு, ஒரு மூட்டு, எதுவும் பித்தளை இல்லை. அமோனியாவுக்குப் பித்தளை ஆகாது; உள்ளிருந்தே கீறல் விழவைத்துவிடும். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி அது. போன வருஷம் ஒரு கடைக்காரன் பித்தளை வால்வை அனுப்பியபோது, "இதைப் போட்டு ஆளைக் கொல்லப் பாக்குறியா?" என்று சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பியவளே அவள்தான்.

"குழாயைத்தான் நெனச்சோம்" என்றார் மரியசூசை. "ஜன்னலை யாரு நெனச்சா? தெனம் கொஞ்சம் கொஞ்சம் கசியிற கேஸு எங்க போவும்? மேலதான் போவும். மூடின ஜன்னல்ல போய்த் தங்கியிருக்கு. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்த நட்டைத் தின்னுருக்கு. நானும்தான் கையில வாங்கிப் பாத்தேன். தங்கமாட்டம் இருக்குன்னு சொன்னேன்."

பிலோமின்ராஜ் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "பட்டறைக்காரரு எடம் எங்கன்னு கேட்டாருண்ணே. கடலோரம்னு சொன்னேன். ஐஸ் கம்பெனின்னு சொல்லவே இல்ல. எனக்குத் தோணவே இல்ல."

சலோமி கஞ்சி டம்ளரோடு நின்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "அப்ப உங்களுக்கு முன்னாலயே தெரியும்" என்றாள் தணிந்த குரலில். "தெரிஞ்சுமா?" அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் கமர் நிஷாவால் தலைநிமிர முடியவில்லை.

கம்பெனி இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. உடைந்த கண்ணாடிகளுக்குப் பதில் புதிது போடச் சொல்லாமல், ஓட்டைகளை அப்படியே விட்டுவைத்தாள். படகுக்காரர்கள் நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் ஏற்றி வந்தார்கள். பிலோமின்ராஜ் மறுபடியும் கோயம்புத்தூர் போனான். இந்த முறை பட்டறைக்காரரிடம் முதல் வார்த்தையே அமோனியாதான். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

பல் வெட்டிய சட்டத்தையே எடுத்தார்கள். சட்டம், பல்சக்கரம், அச்சு சுற்றுகிற புஷ் எல்லாம் ஸ்டீல். மோட்டார் சுவருக்கு வெளியே, மூடிய பெட்டிக்குள். சட்டம் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரும். மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிக்கும் கேஸ் ஆகாது என்பதை இப்போது மூவரும் மறக்கத் தயாராயில்லை. கிரீஸ் தடவுவதற்கென்றே மேலே ஒரு நடைபாலம் போட்டாள் கமர் நிஷா. ஒவ்வொரு ஜன்னல் பலகையிலும் ஒரு சின்ன சுவிட்ச். கண்ணாடி நிஜமாகவே சாய்ந்தால் மட்டும் கதவுக்கு வெளியே அதற்கான விளக்கு எரியும். ஆறு ஜன்னலுக்கு ஆறு விளக்கு.

"மோட்டாரு ஓடுறது எனக்கு வேணாம் தம்பி" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஜன்னல் தொறந்துச்சான்னு அந்த ஜன்னலே சொல்லணும்."

வெள்ளோட்டம் பார்த்த காலையில் மரியசூசை வந்தார். வலது கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது. குரல் கிசுகிசுப்பாகவே நின்றுவிட்டது. திரும்பவும் மெஷினுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே சலோமியும் வந்திருந்தாள். கம்பெனி வாசலை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

"உள்ள போறதும் போகாததும் அப்புறம்" என்றாள் சலோமி. "மொதல்ல நான் பாக்கணும்."

கமர் நிஷா சுவிட்சில் கை வைத்தாள். விரல் நகரவில்லை. அந்த ரீங்காரம் மறுபடியும் வரப் போகிறது. சலோமி பக்கத்தில் வந்து நின்று, "போடுங்கம்மா, நான் மேல பாத்துக்குறேன்" என்றாள்.

அவள் போட்டாள். மோட்டார்கள் முனகின. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சலோமி விளக்கைப் பார்க்கவில்லை. முற்றத்தின் நடுவே நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்தாள். கடைசி ஜன்னலும் முழுசாகச் சாய்ந்த பிறகுதான் கையை இறக்கினாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

மூடித் திறந்தார்கள். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் மூடித் திறந்தார்கள். பிலோமின்ராஜ் பேட்டரிப் பக்கம் நின்றான். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. ஒருகட்டத்தில் சலோமியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. கமர் நிஷா ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் முற்றத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மரியசூசை கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கம்ப்ரசரைப் பார்க்க உள்ளே போனார்.